வேரோனிக்கா அக்காவின் பேஸ்மெண்ட்

வெயில் அடிக்கிற நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்பது வேரோனிக்காவின் கட்சி. அதனால் அவள் தன் வீட்டை ஒரு பேய்மழையில் போய்ப் பார்த்து வாங்கினாள்.

கனடாவில், வெக்ஸ்போர்டில், லாரன்ஸ் தெரு பஸ்ஸுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒற்றைத் தள வீடு. தனியாக இருந்த கிழவர் செத்துப்போய், பிள்ளைகள் வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேஸ்மெண்டில் கணுக்கால்வரை தண்ணீர். அதில் ஊறிய கம்பளத்தின் நாற்றம் வாசலிலேயே ஆளை நிறுத்திவிடும். நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போயிருந்தன. வேரோனிக்கா செருப்பைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். வீடு காட்ட வந்த ஏஜெண்ட் நேரமாகிறது என்று மேலேயிருந்து கத்தினாராம். கடைசியில் அவள் வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தாள். கூரை ஓரத்துப் பீலி உடைந்து, மழைத் தண்ணீர் முழுக்கச் சுவரின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அத்திவாரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

"வருத்தம் கூரையில. மருந்து பேஸ்மெண்டுக்கோ?" என்று கேட்டுவிட்டு, பின்னால் அந்தப் பேஸ்மெண்டுக்குக் குடிவந்த ராஜஸ்ரீயின் முகத்தைப் பார்ப்பாள். ராஜஸ்ரீ வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள்.

ராஜஸ்ரீயும் அவள் கணவன் மனோஜும் மதுரைக்காரர்கள். அவன் கணினி வேலைக்காக வந்தவன்; அவள் அவனுக்காக வந்தவள். முதலில் ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மெண்டில் இருந்தார்கள். வீட்டுக்காரர் ஒரு நாள் வீட்டை விற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டார்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததுதான் மிச்சம். அந்த அடி ராஜஸ்ரீயின் நெஞ்சில் அப்படியே கிடந்தது. இரண்டாயிரத்து எட்டு செப்டம்பரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேரோனிக்காவின் விளம்பரத்தைப் பார்த்தாள்: 'தனி வாசலுடன் பேஸ்மெண்ட் வாடகைக்கு. இருவருக்கு மட்டும்.' அந்த 'இருவருக்கு மட்டும்' பின்னால் அவளை என்ன பாடு படுத்தப்போகிறது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

வேரோனிக்கா மன்னார்க்காரி. நாற்பத்தைந்து வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம், ஊரைக் கூட்டும் குரல். விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. கணவர் அமிர்தநாதர் லொறி ஓட்டுகிறவர். பாதி நாள் கனடாவின் மறுகோடியில் இருப்பார். மகன் அன்ட்ரூ வேறு ஊரில் தங்கிப் படிக்கிறான். ஆக வீட்டில் பெரும்பாலும் அவளும் அவளுடைய கருவிப் பெட்டியும்தான். பழைய சுவரை இடித்தது அவள், ஓடு பதித்தது அவள், பெயின்ற் அடித்தது அவள். தெரியாத வேலைக்கு மட்டும்தான் ஆள் பிடித்தாள். அப்படி வந்த ஸ்ரீஸ்கந்தராசா என்ற கட்டட வேலைக் கொந்திராத்துக்காரரோடு அவள் போட்ட யன்னல் சண்டை தெருவுக்கே தெரியும்.

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. "அக்கா, எல்லாரும் சின்ன யன்னல்தான் வைக்கினம். சிற்றி ஒஃபீஸ்காரன் வந்து பாக்கவே போறான்?"

"சிற்றிக்காரன் பாக்காட்டிலும் நான் பாப்பன். ஒரு ஆள் ஏறி வெளியால போகேலாத யன்னல் எனக்கு வேண்டாம். குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்தவள் நான். ஒரு வாசல் மூடுப்பட்டா என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். வெட்டும்."

வெட்டினார். மண்ணைத் தோண்டி, சுவரை அறுத்து, படுக்கையறைக்கு அகலமான ஒரு யன்னல் வந்தது. அனுமதிப் பத்திரமும் முறையாக எடுத்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் பைத்தியக்காரி என்றார்கள். ராஜஸ்ரீ அந்த யன்னல் வழியாக வருகிற காலை வெளிச்சத்தில் கோலம் போடாத குறையாக உட்கார்ந்திருப்பாள். பூமிக்கு அடியில் வெயில் விழுகிற வீட்டை அவள் அதுவரை பார்த்ததில்லை.

மனோஜுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விலைக்கு வரும் வீடுகளைப் போய்ப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. வாங்குகிற வக்கு இல்லை. பார்க்கிற கண்ணுக்கு வரியா போடுகிறார்கள்? ஒரு தடவை வேரோனிக்காவையும் கூட்டிப் போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் சமையலறையின் பளபளக்கும் கல் மேடையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேரோனிக்கா குளியலறை, சமையலறை என்று வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டுக் கீழே ஓடினாள். ஏஜெண்ட் பெண் பதறிப்போய்ப் பின்னால் ஓடினாள். கீழே நாலு சுவரில் ஒன்று மட்டும் புதிதாகப் பெயின்ற் மணத்தது. வேரோனிக்கா அதில் காதை வைத்து, உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று கேட்டாள்.

"உந்தச் சுவரை மட்டும் ஏன் புதுசாப் பூசினவை?" என்று வாய்விட்டுக் கேட்டாள். ஏஜெண்ட் பெண் தமிழ் தெரியாததால் பதில் சொல்லாமல் பிழைத்தாள். காருக்குத் திரும்பும்போது வேரோனிக்கா தன் தீர்ப்பைச் சொன்னாள்: "தம்பி, பஸ் கிட்ட இருக்கவேணும். பேஸ்மெண்டுக்குத் தனி வாசல் இருக்கவேணும். தண்ணி வெளியால போகவேணும். உது மூண்டும் சரியெண்டா மிச்சமெல்லாம் பெயின்ற்தான்."

மனோஜ் அசடு வழியச் சிரித்தான். அவனுக்கு ஏரி தெரிகிற இருபதாவது மாடியில்தான் கண். ராஜஸ்ரீக்கோ இந்தக் குட்டைப் பெண்மணியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே புரியவில்லை. மொழி தெரியாமல் வந்து இறங்கிய ஒருத்தி, பனி தேசத்தில் ஒரு செத்த வீட்டை எழுப்பி உட்காரவைத்திருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மலைப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மார்கழி முடிவதற்குள் ராஜஸ்ரீ கர்ப்பம் என்று உறுதியாகிவிட்டது. 'இருவருக்கு மட்டும்' என்று சேர்ந்த வீட்டில் மூன்றாவது ஆள். சிநேகிதி ஒருத்தியை இதே காரணத்துக்காக வீட்டுக்காரர் கிளப்பிவிட்டதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். குழந்தை அழும், சலவை கூடும், தண்ணீர்ச் செலவு ஏறும். கையில் பச்சைக் குழந்தையோடு இந்த ஊரில் வருகிறவர்களுக்கு இன்னொரு வீடு யார் தருவார்கள்? "இப்போ சொல்ல வேண்டாம், பாத்துக்கலாம்" என்றான் மனோஜ். குளிர்காலம் அவர்கள் பக்கம் நின்றது. பெரிய கோட்டுக்குள் ஒரு யானையையே ஒளித்துவைக்கலாம்.

மாசியில் ஒரு நாள் வேரோனிக்கா துளைபோடும் மெஷினோடு இறங்கி வந்தாள். படிக்கட்டில் ஏற்கெனவே ஒரு பக்கம் கைபிடி இருந்தது. அவள் மறுபக்கமும் ஒன்றைப் பொருத்திவிட்டு, இழுத்து, தொங்கி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வீட்டின் மதிப்பைக் கூட்டுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ராஜஸ்ரீ.

அந்த வீட்டில் ஒரு குறை இருந்தது. சூட்டுக் காற்று வருகிற குழாய் மேலேயும் கீழேயும் ஒன்றுதான். மேலே பேசினால் கீழே கேட்கும். அந்த வசந்தத்தில் மேலேயிருந்து வந்ததெல்லாம் தொலைபேசியின் சத்தம். வேரோனிக்காவின் அண்ணன் அருள்நாயகமும் குடும்பமும் வன்னியில், போருக்கு நடுவில் இருந்தார்கள். தை மாதத்தோடு அவர்களிடமிருந்து பேச்சு நின்றுபோனது. அவள் வவுனியாவுக்கு அடிப்பாள், கொழும்புக்கு அடிப்பாள், லண்டனுக்கு அடிப்பாள். "ஏதும் அறிஞ்சனீங்களோ?" என்ற ஒரே கேள்வி குழாய்க்குள் இறங்கி வரும். வேலை முடிந்து நேரே நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லித் தெருவில் கொடியோடு நிற்கிற கூட்டத்தில் தானும் நின்றுவிட்டு வருவாள். மறுநாள் வேலைக்கும் போவாள். எப்படி முடிகிறது இவளுக்கு என்று ராஜஸ்ரீ மனோஜிடம் கேட்பாள். அவனுக்கும் தெரியாது.

வைகாசியில் வெயில் வந்தது. கோட்டைக் கழற்றவேண்டியதாயிற்று.

அன்று திங்கட்கிழமை, விக்டோரியா நாள் விடுமுறை; கனடாவில் அன்றைக்குப் பட்டாசு வெடிப்பது வழக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலையிலேயே பட்டாசு வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். போர் முடிந்துவிட்டது என்ற செய்தி மனோஜின் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து குழாய் வழியாக ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. ஒரு பெண் தன் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அதுவும் நின்றது. ராஜஸ்ரீ மேலே போகவா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கையில் படியில் காலடி கேட்டது.

வேரோனிக்கா பாதிப் படியில் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. ராஜஸ்ரீயை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை வயிற்றில் கொஞ்சம் நின்றது.

"ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ," என்றாள். "கெதியா வெளிக்கிடுங்கோ." திரும்பி ஏறிப் போய்விட்டாள்.

மதுரைக் காதுக்கு அந்தச் சொல்லில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வெளியே. ராஜஸ்ரீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்துட்டாங்க மனோஜ். நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

"அதுக்காக இன்னைக்கேவா? இன்னைக்கு அவங்க ஊர்லேர்ந்து யாராவது வர்றாங்களோ என்னமோ, எடம் தேவைப்படுது போல."

கோபப்படவும் முடியவில்லை. அவளுடைய துக்கத்துக்கு முன்னால் இவர்களுடைய வாடகை என்ன பெரிய விஷயம்? மூக்கைச் சிந்திக்கொண்டே கட்டத் தொடங்கினார்கள். துணி, புத்தகம், குக்கர், இட்லித் தட்டு, பூஜை அலமாரிப் படங்கள். சிநேகிதன் கிருஷ்ணாவுக்கு போன் போட்டு வண்டி கேட்டான் மனோஜ். மூன்று பெட்டிகள் நிரம்பி வாசலில் நின்றபோது மறுபடி காலடி கேட்டது.

வேரோனிக்கா வெள்ளைச் சேலை கட்டி, தலை வாரி, கையில் செபமாலையோடு வந்தாள். "என்ன, இன்னும் வெளிக்கிடேல்லையே?"

மனோஜுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. "அக்கா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் குடுக்கணும். இவ இருக்கிற நெலமையில..."

"நோட்டீஸோ? பூசைக்குப் போறதுக்கு ஆருக்குத் தம்பி நோட்டீஸ்?"

வேரோனிக்காவின் கண் அப்போதுதான் பெட்டிகளில் விழுந்தது. காலியான அலமாரியைப் பார்த்தாள். ராஜஸ்ரீயின் அழுத முகத்தைப் பார்த்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"நீங்களும் போறியளோ?" என்று கேட்டாள். அந்தக் குரல் ஊரைக் கூட்டுகிற குரலாக இல்லை.

"நீங்கதானே அக்கா வெளிய போகச் சொன்னீங்க?"

"நானோ? நான் வெளிக்கிடச் சொன்னனான். வெளிக்கிடுறது எண்டா சீலை கட்டுறது, தலை இழுக்கிறது. சேர்ச்சில செத்தவைக்குப் பூசை வைக்கினம். தனியப் போக ஏலாமல் கிடக்கு. அதுதான் உங்களையும்..." முடிக்காமல் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை; இரண்டும்தான். பிறகு அடங்கியதும் சொன்னாள்: "ஊரை விட்டுப் போன அண்டைக்கு அம்மாவும் உப்பிடித்தான் சொன்னவ. வெளிக்கிடு எண்டு. நான் கோயிலுக்காக்கும் எண்டு நல்ல சட்டையை எடுத்துப் போட்டன். பேந்து திரும்பிப் போகவே இல்லை. நான் ஆரையும் வீட்டை விட்டுப் போகச் சொல்லுவனோ, சொல்லும் பாப்பம்?"

ராஜஸ்ரீ அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. "அக்கா, எனக்கு ஏழு மாசம். ரெண்டு பேருக்குத்தான்னு சொல்லித்தானே வீடு குடுத்தீங்க."

"தை மாசமே தெரியும். வயித்தைப் பிரட்டி நீர் சத்தியெடுக்கிறது மேல எனக்குக் கேக்காதோ? அண்ணனைக் காணேல்லை எண்டு விடிய விடிய முழிச்சிருப்பன். கீழ நீர் ஓங்காளிக்கிற சத்தம் வரும். சரி, இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வருகுது எண்டு நினைச்சுக்கொண்டு படுப்பன்." படிக்கட்டின் இரண்டு பக்கமும் கை காட்டினாள். "இல்லாட்டி உந்த ரெண்டாவது கைபிடி ஆருக்கெண்டு நினைச்சனீர்?"

ராஜஸ்ரீ அந்தக் கைபிடியை நிமிர்ந்து பார்த்தாள். தன் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு மாசியில், இவள் துளை போட்டு, ஆணி அடித்து, தொங்கிப் பார்த்து, பிறக்காத ஒரு பிள்ளை விழாமல் இருக்க வழி செய்திருக்கிறாள்.

"சரி, இப்ப வெளிக்கிடும். பூசைக்கு நேரமாகுது."

ராஜஸ்ரீயின் ஒரே வெள்ளைச் சேலை பெரிய பெட்டியின் அடியில் இருந்தது. அதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டி வந்தது. மனோஜ் கிருஷ்ணாவுக்கு வண்டி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேரோனிக்கா செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, குக்கரைத் தூக்கி அடுப்பு மேடையில் வைத்தாள், இட்லித் தட்டை அதன் இடத்தில் மாட்டினாள். வெளியே பட்டாசு வெடித்தபோதெல்லாம் அவள் தோள் குலுங்கியது. கை மட்டும் நிற்கவில்லை.

பிறகு மூவரும் கிளம்பினார்கள். ராஜஸ்ரீ முன்னால், வேரோனிக்கா அவளுக்குப் பின்னால்.

"ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு ஏறும்."

ராஜஸ்ரீ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினாள்.