கரையில் நிற்கத் தெரியாத பூபதி

சோறு தின்னும்போதுகூடப் பூபதி குந்தித்தான் தின்பான். சம்மணம் போட்டால் எழுந்திருக்க நேரமாகுமாம். அப்படி எழுந்து எங்கே ஓடப்போகிறான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருபத்துநாலு வயசு வரைக்கும் ஒரு நாழிகை சும்மா உட்கார்ந்தவன் இல்லை அவன். தோணியில் ஏறிப் பாயை விரித்தால்தான் அந்தக் கால் கை எல்லாம் அடங்கும்.

ஒல்லாந்தர் கோட்டையில் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு கோடையில் வாந்திபேதி வந்து குப்பத்தில் பாதி ஆம்பிளைகளை வாரிக்கொண்டு போய்விட்டது. தோணிகள் கரையில் கிடந்து வெயிலில் பிளந்தன. அதே வருஷம் உள்நாட்டில் மழை பொய்த்து, நெல் போட்டவன் வைக்கோலைக்கூடப் பார்க்கவில்லை. பிழைப்புத் தேடி ஆறு இளவட்டங்கள் ஏரிக்கு வந்தார்கள். ஏர் பிடித்த கைகள்; தண்ணீரைக் கண்டால் கால் கழுவ மட்டும் தெரிந்தவர்கள். குப்பத்துக்குத் தலைவரான நாட்டார் தெய்வசிகாமணி அவர்களைப் பூபதியிடம் ஒப்படைத்தார்.

"ஆறு மாசம். பாய் வலிக்கக் கத்துக் குடு. தேறுனவனுக்குப் பாட்டுல எடம்" என்றார்.

ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை விடுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை கூடி முறை வைப்பார்கள். அதுதான் பாடு. பாட்டில் பெயர் இல்லாதவன் ஏரியில் ஒரு இறாலைக்கூடத் தொட முடியாது.

ஆறு பேரில் ஐந்து பேர் எப்படியோ பழகிவிட்டார்கள். ஆறாவது ஆள் கங்காதரன்தான் பூபதியின் உயிரை எடுத்தான். பூபதியைவிட இரண்டு வயசு மூத்தவன், பொறுமைசாலி, எதையும் கட்டி வைத்தே பழகியவன். பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். அது எப்போதும் கையில்தான் இருக்க வேண்டும். காற்று திடீரென்று அறைந்தால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் தோணி குப்புற விழும். கங்காதரனோ தாமான் கைக்கு வந்ததும், மாட்டை முளையில் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டுத் தோணிச் சட்டத்தில் கட்டிவிடுவான்.

"மாடாய்யா அது, கட்டிப் போட? காத்துய்யா!" என்று பூபதி குதிப்பான்.

"கோச்சிக்காத வாத்தியாரே. கை தானா போவுது, நான் இன்னா பண்ணட்டும்?"

பூபதி கத்துவதற்குக் காரணம் இருந்தது. அவன் நைனா கையில் புண்ணோடு ஒருநாள் தாமானைக் கட்டிவிட்டுப் போனவர்; தோணி மட்டும்தான் திரும்பி வந்தது. கங்காதரன் முடிச்சுப் போடும்போதெல்லாம் ஆளில்லாமல் வந்த அந்தத் தோணிதான் பூபதியின் கண்ணில் நிற்கும். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. திட்டினான், அவ்வளவுதான்.

பரீட்சை நாள் வந்தது. குப்பத்திலிருந்து கோட்டைக் கொடிமரம் வரை தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். கற்றுக்கொடுத்தவன் கரையில் நிற்பான், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தோணியில் இருப்பவன் தேறவில்லை என்று கணக்கு. இது குப்பத்தில் காலங்காலமாக இருக்கும் கட்டு. கடலில் போய்க் கரைக்குரலுக்குக் காத்திருப்பவன் தோணிக்காரனே இல்லை என்பார்கள்.

ஐந்து பேரும் போய் வந்தார்கள். பூபதி அதற்குள் கரையில் நடந்து நடந்து மணலில் ஒரு வரப்பே போட்டுவிட்டான். கடைசியாகக் கங்காதரன் போனான். இடுப்பில் பிள்ளையோடு அவன் பெண்டாட்டி தண்ணீர் ஓரம் நின்றாள். மாட்டை விற்றாகிவிட்டது, இன்றைக்குத் தேறினால்தான் அடுத்த வருஷம் அடுப்பு எரியும்.

திரும்பும் வழியில், ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாயும் முகத்துவாரத்துக்கு நேரே வரும்போது வாடைக்காற்று சட்டென்று ஓங்கி அடித்தது. தோணி சாய்ந்தது. பாய் விறைத்து நின்றது. இப்போது விடுவான், இதோ விடுவான் என்று பூபதி பார்த்தான். பாய் தளரவே இல்லை. பாவி, கட்டிவிட்டான்!

"வுட்றா! தாமான வுட்றா!"

இடுப்பளவு தண்ணீரில் ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினான் பூபதி. கரையே திரும்பி அவனைப் பார்த்தது.

அந்த நேரத்தில் தோணி முகத்துவாரத்தின் நீர் இழுப்பைத் தாண்டியது, பாய் தளர்ந்தது, தோணி நிமிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கங்காதரன் சிரித்துக்கொண்டே கரை தட்டினான். தோணிச் சட்டத்தில் முடிச்சும் இல்லை, ஒன்றும் இல்லை.

"கட்டலியா நீ?" என்றான் பூபதி.

கங்காதரன் உள்ளங்கையை விரித்தான். தோல் உரிந்து ரத்தமாக இருந்தது. "அங்க வுட்டிருந்தா தண்ணி இழுத்துக்கினு போயி முகத்துவாரத்துல தள்ளியிருக்கும். அதான் தாண்டுற வரிக்கும் புடிச்சிக்கினேன். நீ கத்துனியா இன்னா? எனக்குக் கேக்கவே இல்லியே."

சொன்னதைவிட ஒரு படி மேலே கற்றவனை, கற்றுக்கொடுத்தவனே கெடுத்துவிட்டான்.

"கேட்டுச்சோ கேக்கலியோ, கட்டு கட்டுதான். கங்காதரனுக்கு அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் நாட்டார். கங்காதரனின் பெண்டாட்டி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த பூபதி நாட்டார் முன்னால் போய் நின்றான்.

"நாட்டாரே, எம் பாட்ட அவனுக்குக் குடுத்துடு."

"தெரிஞ்சிதான் பேசுறியா? பாட்டக் குடுத்தவன் அந்த வருசம் பூரா தோணியில கால் வெக்கக் கூடாது. வல பின்னிக்கினு கரையிலதான் குந்தணும்."

"தெரியும். குடு."

பூபதியின் பெண்டாட்டி நாகம்மாள் இதைக் கேட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு வருசம் கரையிலயா? நீயா?" அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று.

பாடு தொடங்கிய காலையில் கங்காதரன் பூபதியின் தோணியில், பூபதியின் பாயை விரித்துக்கொண்டு போனான். பூபதி மணலில் உட்கார்ந்தான். சம்மணம் போட்டே உட்கார்ந்தான். அதே இடம், அதே வாடை. தோணி சாய்ந்தது. கரையில் இருந்தவர்கள் ஏரியைப் பார்க்கவில்லை, பூபதியைத்தான் பார்த்தார்கள். அவன் தோள்துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, இரண்டு கையாலும் மணலை இறுக்கிப் பிடித்திருந்தான்.

தோணி நிமிர்ந்து தூரத்தில் சின்னதாகிப் போயிற்று. துண்டை வெளியே எடுத்தான். பல் பட்ட இடமெல்லாம் பொத்தல்.

"நாகு, இன்னும் எத்தினி நாளு கீது?" என்றான்.

"இன்னிக்கித்தான்யா மொத நாளு" என்று சொல்லி, அவள் வலை பின்னும் ஊசியை அவன் கையில் கொடுத்தாள்.