நாற்காலி தெளிவாக இருந்தது

படம் தெளிவாக இல்லை என்று யாராவது கொண்டுவந்து காட்டினால் நான் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தப் படத்தில் அசையாத பொருள் எது என்று தேடுவேன். கதவு, மேசை, சுவர்க் கடிகாரம், ஏதாவது ஒன்று. இப்போது எல்லோரும் டிஜிட்டல் கேமராவில் எடுத்துக் கடையில் அச்சுப் போட்டு வாங்குகிறார்கள். மங்கலாக வந்துவிட்டால் மெஷினைத் திட்டுகிறார்கள். கதவைப் பாருங்கள் என்பேன். கதவும் மங்கல் என்றால் கேமரா பிடித்த கை ஆடியிருக்கிறது. கதவு தெளிவாக இருந்து முகம் மட்டும் மங்கல் என்றால் ஆள் ஆடியிருக்கிறார். எனக்கு இதை ஒரு பிரம்பு நாற்காலிதான் காட்டிக்கொடுத்தது.

எழுபதுகளின் கடைசி. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தேன். படிப்பு செகண்டரி இரண்டோடு நின்றுவிட்டது. கவுண்ட்டரில் ரசீது எழுதத்தான் சேர்ந்தேன். பிரிண்ட் போடுகிறவர் கலர் லேப் ஒன்றுக்கு மாறிப் போனதும், "ஆள் கிடைக்கிற வரைக்கும் இருட்டறைய நீ பாரும்மா" என்றார் கடைக்காரர். படம் எடுப்பவரும் அவர்தான், முதலாளியும் அவர்தான். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். ஆள் கிடைக்கவே இல்லை.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸ் அடுப்பை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுவேன். பேப்பர் பெட்டியைச் சரியாக மூடினேனா என்ற சந்தேகத்தில், விளக்கைப் போட்ட பிறகு பெட்டியைத் திறந்து பார்த்து, முழுப் பெட்டியும் வெளிச்சம் பட்டுப் பாழானது உண்டு. "உன் பயத்துக்கு ஒரு சம்பளம், உனக்கு ஒரு சம்பளம். ரெண்டு பேருக்கு நான் குடுக்க முடியாதும்மா" என்பார் அண்ணன்.

எங்கள் கடையில் கல்யாண வலை என்று ஒன்று இருந்தது. பெண்கள் காலில் போடும் நைலான் ஸ்டாக்கிங்கை வெட்டி, அட்டைச் சட்டத்தில் இழுத்து ஒட்டியது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் பிரிண்ட் போடும்போது, பெரிதாக்கும் மெஷினின் லென்ஸுக்குக் கீழே அதைப் பிடிக்க வேண்டும். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாம் கரைந்து, முகம் பால் மாதிரி வந்துவிடும். பெண்ணைப் பெற்றவர்கள் கவுண்ட்டரில் குரலைத் தாழ்த்தி, "வலை போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள்.

எனக்கும் அப்படி ஒரு படம் இருந்தது. இடது தாடையிலிருந்து கழுத்து வரை எனக்குத் தழும்பு. சிறு வயதில் கொதிக்கிற எண்ணெய் பட்டது. வலை போட்ட படத்தில் அது இல்லவே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் கழுத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அதன்பின் என் பக்கம் திரும்பவே இல்லை. கேசரியைச் சாப்பிட்டு முடித்தார்கள். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று மறுவாரம் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் பார்த்த பிறகுதான் அவர்கள் பெண் பார்க்கவே வந்தார்கள்.

அந்தத் தரையைப் பார்த்த பார்வையை இன்னொரு தடவை தாங்க என்னால் முடியாது. அதனால் உட்லண்ட்ஸிலிருந்து அடுத்த சம்பந்தம் வந்தபோது, தழும்பு தெரிகிற படம்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். வேண்டாம் என்றால் படத்தைப் பார்த்தே சொல்லிவிடட்டும். வீட்டுக்கு வந்து, காப்பி குடித்து, என் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டாம்.

அண்ணன் என்னைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய விளக்குகளைப் போட்டு எடுத்துக் கொடுத்தார். வலை இல்லாமல் பிரிண்ட் போட்டேன். முகம் மங்கலாகவே வந்தது. தழும்பு இருந்த இடத்தில் ஏதோ நிழல் மாதிரி ஒரு கறை.

பெரிதாக்கும் மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். விளக்குச் சூட்டில் நெகட்டிவ் வளையும் என்று தெரியும். சூடேறும் வரை காத்திருந்து, மறுபடி ஃபோகஸ் செய்து போட்டேன். மங்கல். லென்ஸைத் துடைத்தேன். அதன் துவாரத்தைச் சிறிதாக்கி, நேரத்தைக் கூட்டிப் போட்டேன். மங்கல். கீழே சிராங்கூன் ரோட்டில் பஸ் போனால் அந்தப் பழைய மரத் தரை அதிரும். பஸ் சத்தம் ஓயட்டும் என்று நின்றேன். ஒரு பஸ் ஓய்ந்தால் அடுத்தது வந்தது. கதவை மூடியிருக்கிறேனா, இல்லையா என்று நடுவில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். சம்பந்தக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் போக வேண்டும்.

"ஏம்மா, ரேஷன் அரிசியா அது? இந்தப் பேப்பர் பூரா உனக்குத்தானா?" என்று வெளியிலிருந்து அண்ணன் கத்தினார்.

சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தட்டுக்குள் அடுத்த படம் மெல்ல மேலே வந்தது. முதலில் வந்தது நாற்காலி. பிரம்புப் பின்னல் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. கைப்பிடியில் உடைந்து துருத்திக்கொண்டிருந்த ஒரு சிம்பு, தொட்டால் குத்தும் போல இருந்தது. பிறகு நான் வந்தேன், புகை மாதிரி. மடியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தன.

ஈரப் படத்தை வெளியே கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன்.

"நாற்காலி நல்லா வந்திருக்கே. அதுக்கு வரன் பார்த்துடலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஆடுறேம்மா. உக்காந்தா கால ஆட்டுறே, காலப் பிடிச்சா தலைய ஆட்டுறே. இது அரை செகண்ட் ஷட்டர். அதுக்குள்ள நீ எத்தனை தடவை கவலைப்படுறியோ! மெஷின் என்ன பண்ணும் லா?"

மறுபடி எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொள் என்றார். பிடித்தேன். கண் பிதுங்கி, ஏதோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி வந்தேன். அதுவும் மங்கல்தான்.

"அண்ணே, வேகமா எடுக்கிற சின்ன கேமரா இருக்குல்ல?"

"அதுக்கு இந்த லைட்டு பத்தாது. வெயில் வேணும். வெயில்ல எடுத்தா உன் தழும்புதான் முன்னாடி வந்து நிக்கும்."

"அதுக்குத்தான் கேக்குறேன் அண்ணே."

அவர் சின்ன கேமராவில் ஃபிலிம் போட்டார். கேமராவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

உச்சி வெயிலில் ஃபேரர் பார்க் திடலுக்குப் போனோம். பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் விசிலடித்தார்கள். நான் கழுத்தைத் திருப்பியும், சேலையை இழுத்தும், யார் பார்க்கிறார்கள் என்று தேடியும் ஒரு நிலையில் இல்லாமல்தான் இருந்தேன். ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தது.

அந்தப் படத்தைப் போட்டதும் குனிந்து பக்கத்தில் பார்த்தேன். நெற்றி வியர்வை, ரவிக்கைத் தையல், தாடையில் சுருங்கி இழுபட்ட தோலின் ஒவ்வொரு மடிப்பு, எல்லாம் இருந்தது. உடனே அடுத்த பயம் வந்தது. நேரில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறதோ? கண்ணாடி முன் நின்று ஒத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அம்மாவிடம் கொடுத்து, இதைத்தான் அனுப்ப வேண்டும் என்றேன். அம்மா அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். பெண் பார்க்க வருகிறோம் என்று உட்லண்ட்ஸிலிருந்து பதில் வந்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. பார்த்த பிறகுமா வருகிறார்கள்?

அதற்கடுத்த ஞாயிறு மாலை வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் மட்டும். அவருக்குக் கப்பல் கட்டும் ஷிப்யார்டில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். அம்மா ஹாலில் அவர்களோடு பேசிக்கொண்டிருக்க, நான் நல்ல கப்புகளை எடுக்க மேல் தட்டில் கைவிட்டேன். தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்பட்டது. இழுத்தேன். திடலில் எடுத்த என் படம்.

அப்படியானால் அம்மா அவர்களுக்கு அனுப்பியது என் பழைய வலைப் படம். ஹாலில் உட்கார்ந்திருப்பவர் தழும்பில்லாத பெண்ணைப் பார்க்க வந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் தரையைப் பார்ப்பார்.

"ஏண்டி, காப்பி என்னாச்சு?" என்று அம்மா கூப்பிட்டார்.

ஓடிவிடலாம் என்றால் வாசலுக்கு ஹால் வழியாகத்தான் போக வேண்டும். காப்பித் தட்டில் கப்புகளுக்கு நடுவே படத்தை வைத்தேன். முகம் மேலே தெரிகிற மாதிரி. தூக்கிக்கொண்டு போனேன். கப்புகள் கடகடவென்று ஆடின. படத்தின் ஓரத்தில் காப்பி சிந்தியது.

அவர் கப்பை விட்டுவிட்டுப் படத்தை எடுத்தார். அம்மாவின் முகம் வெளுத்தது.

"இது யாருடா தம்பி?" என்று அக்கா எட்டிப் பார்த்தார்.

"இவங்கதான்." அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பின்னால கோல் போஸ்ட் தெரியுதே. ஃபேரர் பார்க்கா? நான் அங்க விளையாடியிருக்கேன்."

கோல் போஸ்டா? என்னால் பொறுக்க முடியவில்லை. "தழும்பு தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா இருடி!" என்றார் அம்மா.

அவர் படத்திலிருந்து நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை. "தெரியுது. எண்ணெயா?"

"எண்ணெய்."

"அந்தப் படத்துல இல்லையே?"

"அதுல வலை போட்டிருக்கு."

"வலையா? என்ன வலை?"

சொன்னேன். ஸ்டாக்கிங், அட்டைச் சட்டம், எல்லாம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "டேய், நீ அனுப்பின படத்துலயும் முன்மண்டை பூரா முடியா இருந்துச்சே, அது எந்தக் கடை வலைடா?"

"அது படத்துல தடவின மை லா" என்றார் அவர், முடி கொட்டிப்போன முன்மண்டையைத் தடவிக்கொண்டு, காது சிவந்து. காப்பி சிந்திய அந்தப் படத்தைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது என்கிட்ட இருக்கட்டும்."

மாலை மாற்றிய நாளன்று அண்ணன்தான் படம் எடுத்தார். பிரிண்ட் நான் போட்டேன், வலை இல்லாமல். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. மாலையில் ஒவ்வொரு இதழும் தெரியும். என் கணவருடைய நெற்றி தெரியும், அது எங்கே முடிகிறது என்பதும் தெரியும். கோயில் மண்டபத்து நாற்காலிகள் அத்தனையும் தெளிவு. நான் மட்டும் லேசாக மங்கல். மண்டபத்து அடுப்படியில் பாயசம் அடிப்பிடிக்கிற வாசனை வந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்துத் திரும்பிவிட்டேன்.