ஆவணப்படம் காட்டுகிறவளின் குழப்பங்கள்

ஆவணப்படம் காட்டுகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் தவறாமல் கேட்பது "அதுல ஹீரோ யாருங்க?" என்பதுதான். துடியலூரில் ஒரு வாசகசாலையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு படம் போடுகிறேன். வெளியூரிலிருந்து யாராவது கூப்பிட்டால் ப்ரொஜெக்டரையும் திரையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். மற்றவர்களும் எங்காவது ஒரு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இது எப்போது முடியும் என்று யோசித்திருப்பீர்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சிதான்.

போர்டில் எழுதியது

முதல் மாதம் வாசலில் 'ஆவணப்படம், அனுமதி இலவசம்' என்று போர்டு வைத்தோம். அரை மணி நேரம் முன்னதாகவே ஒரு பெரியவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஒரு ஃபைல். முதல் வரிசையில் உட்கார்ந்தார். கிணறு வெட்டுகிறவர்களைப் பற்றிய ஒரு மணி நேரப் படம் அது. பாதியில் நான்கு பேர் எழுந்து போனார்கள். இவர் அசையவில்லை. பாறைக்கு வெடி வைக்கும் இடத்தில் முன்னால் சாய்ந்துகூடப் பார்த்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. விளக்கைப் போட்டதும் நேராக அவரிடம் போய், படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் ஃபைலைப் பிரித்து, அப்பா பெயரில் இருந்த நிலப் பத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

"படம் நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஆவணம் எழுதறவரு எப்ப வருவாருங்க?"

எங்கே கிடைக்கும்?

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரங்கசாமி சார் ஒரு படமும் தவறவிடமாட்டார். மாதம் ஒன்று போதவில்லை, இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திரைப்பட விழாக்களில் பார்க்கலாம். சில இயக்குநர்கள் தாங்களே யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். கல்லூரி ஊடகத் துறைகளில் சேர்த்து வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள். எங்கேயும் கிடைக்காவிட்டால் எடுத்தவருக்கே எழுதுங்கள், பெரும்பாலும் லிங்க்கும் பாஸ்வேர்டும் அனுப்பிவிடுவார்கள்.

அவர் எழுதினார். ஒருவருக்கு இல்லை, பதினேழு பேருக்கு. வங்கிக் கடித நடையில், 'பொருள்' என்று தலைப்புப் போட்டு. பாதிப் பேர் பதில் போட்டார்கள். ஒரு இயக்குநர் போனில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசினாராம். தன் படத்தை முழுசாகப் பார்த்த பதினோராவது ஆள் இவர்தான் என்று சொல்லித் தழுதழுத்தாராம். அடுத்த மாதப் படத்துக்கு சார் குழம்பிப்போய் வந்தார். நல்ல படங்கள்தானே, என்ன ஆயிற்று என்றேன்.

"படமெல்லாம் சரிதானுங்க. இப்ப அவங்க எல்லாரும் தெனமும் எனக்குப் போன் பண்றாங்களே, அத எப்படிங்க நிறுத்தறது?"

காங்கேயத்தில் ஒரு நிழல்

எண்ணெய் மில்லுக்குக் கொப்பரை காயவைக்கும் பெண்களைப் பற்றி ஒரு படம் உண்டு. அதில் பத்துப் பெண்கள் களத்தில் வரிசையாக நின்று கொப்பரையைத் திருப்பிப் போடுவார்கள். கல்லூரிகளில் அந்தக் காட்சியை நிறுத்தி, 'கேமரா இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, இதுதான் நிஜம்' என்று பல வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். அதே படத்தைக் காங்கேயத்தில், களத்தில் வேலை செய்பவர்களுக்கே காட்டினேன். அந்தக் காட்சி வந்ததும் பழனியம்மாள் என்ற அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு.

என்னவென்று கேட்டேன். "நெழலு காலடியில நிக்குது பாருங்க. உச்சி வெயில்ல யாரு களத்துல எறங்குவாங்க? திருப்பறதெல்லாம் காலையிலயே முடிஞ்சுபோகும்" என்றார். ஊர் திரும்பியதும் இயக்குநருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சம் தயங்கி, ஆமாம், வெளிச்சம் நன்றாக இருந்ததால் மதியம் ஒருமுறை திருப்பச் சொன்னோம் என்றார். அப்படியானால் அந்தப் படம் பொய்யா? அடுத்த முறை போனபோது பழனியம்மாளிடமே கேட்டேன்.

"பொய்யின்னு நான் எங்க கண்ணு சொன்னேன்? ஊட்டுக்கு வந்தவங்க கேட்டா, நாமளுந்தான் திருப்பிக் காட்டுவோம்."

பரிசலில் எட்டு விநாடி

கொடுமுடியில் காவிரியைப் பற்றிய ஒரு படம் போட்டேன். நடுவில் ஒரு பரிசல் வரும். அதில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் யாரையோ பார்த்துச் சிரித்தபடி பேசுவார். எட்டு விநாடிதான். பின்வரிசையிலிருந்து சரஸ்வதி என்ற அம்மா எழுந்து நின்றார். "அது எங்க ஊட்டுக்காரருங்க" என்றார். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் போட்டோ இருக்கிறது, அவர் அசைகிற மாதிரி எதுவும் இல்லை. படத்தை நிறுத்தி அந்த இடத்தை ஐந்து முறை போட்டேன். யாரும் எழுந்து போகவில்லை.

போனில் ஏற்றித் தரட்டுமா என்றேன். அவர் கேட்டது வேறு. "அக்கட்ட யாரு உக்காந்திருக்காங்க? யாரப் பாத்துச் சிரிக்கறாரு? அந்தப் பக்கம் காட்டுங்க அம்மணி." படத்தில் அந்தப் பக்கம் இல்லை. இயக்குநருக்கு எழுதினேன். அவர் பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி, வெட்டாத காட்சியை அனுப்பினார். கேமரா அதிலும் திரும்பவில்லை. ஆனால் படத்தில் இசை போட்டிருந்த இடத்தில், இதில் அவர் குரல் இருந்தது: "சரசு, தண்ணிக்குள்ளார கைய உடாத."

நேரில் போய்க் காட்டினேன். சரஸ்வதி அம்மா போனைக் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்களா அது? அன்னைக்கு நானுங்கூடப் போனதே எனக்கு நெனப்பில்லீங்களே."

நடந்ததை நடந்தபடி காட்டுகிற வேலை என்று நம்பித்தான் இதில் இறங்கினேன், நடந்தது என்ன என்பதை ஒவ்வொரு ஊரிலும் படம் பார்க்க வந்தவர்கள்தான் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.