எங்கள் தெருவில் இறங்காத பாலம்

மருமகள் ஆசையாக ஒரு கைப்பை வாங்கிக் கொடுத்தாள். அசல் தோலாம். "மோந்து பாருங்கத்தே, வாசமே தனி" என்றாள். மோந்து பார்த்தேன். சோப்புக்கடை வாசம்தான் வந்தது. தோல் எப்படி நாறும் என்று எனக்கல்லவா தெரியும்! சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் உப்புத் தடவிய பச்சைத் தோலும் சேர்ந்து அடிக்கும் அந்த வாடையை, காலையும் மாலையும் மூக்கில் வாங்கியவள் நான். அதுவும் போகிற போக்கில் இல்லை. ரயில்வே கேட்டில் நின்று, நிதானமாக.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில் கேட். ரயில் போனதும் திறந்துவிடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜங்ஷன் அல்லவா! கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போகும், பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும், கல்யாணத்துக்குச் சரி சொல்லத் தயங்குகிற மாப்பிள்ளை மாதிரி. அதுவரை மாட்டுவண்டிக்காரர்கள், தாடிக்கொம்புப் பக்கத்துக் காய்கறிக் கூடைக்காரப் பெண்கள், தோல் சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் நடுவில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு நான் நிற்பேன். வெயிலுக்குத்தான் குடை என்று சொல்லிக்கொள்வேன். மேகம் மூடின நாளிலும் விரித்துத்தான் வைத்திருப்பேன்.

தோல் சைக்கிள்காரர்கள் என்றால், பச்சைத் தோலை மடித்துச் சைக்கிளின் பின்னால் கட்டி, தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குக் கொண்டுபோகிறவர்கள். வெயிலில் நிற்க நிற்கச் சரக்கு கெட்டுப்போகும், ஷாப்பில் ஏச்சு விழும். அவர்களில் சவரிமுத்து என்று ஒருவர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துச் சைக்கிளை என்னைவிட்டுத் தள்ளி நிறுத்துவார். "டீச்சரம்மா, நீங்க இப்பிடி வந்து நில்லுங்க. நம்ம சென்ட்டு உங்களுக்கு ஒத்துக்காது" என்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அவரும் வருவார். அவர் கோயிலின் பின்பக்கம், நாங்கள் முன்பக்கம். நன்மை என்கிற அப்பத்தை மட்டும் சாமியார் ஒரே கிண்ணத்திலிருந்துதான் எல்லாருக்கும் கொடுப்பார்.

எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில், "யாரு, கேட்டுல நிக்குமே, அந்தப் புள்ளயா?" என்று கேட்டுவிட்டார்களாம். அம்புட்டுத்தான். பூட்டுக் கடை வைத்து நாலு பேருக்கு மத்தியில் மரியாதையாக இருந்த அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. வேலையை விடு என்றார். விடுவேனா? மூக்கை ஒழுக்கிக்கொண்டு வந்த பிள்ளை ஒருநாள் யாரும் சொல்லாமலே பலகையில் தன் பெயரை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வைக்காகவே நான் பள்ளிக்கூடம் போனேன். அழுதேன், சோறு தின்னாமல் கிடந்தேன். தண்டவாளத்துக்கு மேலே, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்குமாக ஒரு பாலம் போடப்போகிறார்கள் என்று அப்போது ஊரில் பேச்சு. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தார். "சரி, பாலம் வந்துட்டா நீ பாட்டுக்குப் போயிட்டு வா. இந்த வருசப் படிப்பு முடியுறதுக்குள்ள வராட்டி நின்னுக்க." ஆக, பாலம் வந்தால் எனக்குப் பள்ளிக்கூடம்; வராவிட்டால் அடுப்படி.

ஓவர்சியர் டேப்போடு வந்து அளந்தார். பாலம் எங்கள் தெருமுனையில் சரிவாக இறங்கும் என்று முளைக்குச்சி அடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அப்பாவே அவரைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் கோட்டைக்கூட மிதிக்காமல் சுற்றித்தான் நடப்பேன். பைத்தியம்!

பிறகு ஒரு சாயங்காலம் தெருக்காரர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஓவர்சியரும் இருந்தார். எதிர்வீட்டு மரக்கடைக்காரர்தான் ஆரம்பித்தார்.

"சரிவு இங்க எறங்குனா, தோல் சைக்கிள் அம்புட்டும் நம்ம வாசல் வழியாத்தானய்யா போகும்?"

அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. சொன்னதும் எல்லாருக்கும் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒருவர் துண்டால் மூக்கைத் துடைத்தேவிட்டார்.

"நம்ம பக்கம் சரிவு வேணாம். படி வச்சிருங்க" என்றார் அப்பா. "நடக்குறவுகளுக்குப் படி போதும்."

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். "சைக்கிளுக்குன்னுதான் சார் பாலத்தையே கேட்டிருக்கு. அந்தப் பக்கம் ஏறுன சைக்கிள் இந்தப் பக்கம் எப்பிடி எறங்கும்?"

"தூக்கிட்டு எறங்கட்டும்" என்றார் மரக்கடைக்காரர். சிரித்தார்கள். ஈரத் தோல் கட்டிய சைக்கிளைத் தூக்க வேண்டாம், நகர்த்திப் பார்த்திருந்தாலே சிரிப்பு வந்திருக்காது.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடியே, "அப்பா, சரிவு இல்லாட்டிப் பாலமே வராதேப்பா" என்றேன்.

"நீ உள்ள போம்மா" என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. நாலு பெரிய மனுஷர்கள் சேர்ந்து சொன்னால் படி வைத்துக் கொடுத்துவிடுவார்கள், மகள் வேலையும் நிலைக்கும், தெருவும் நாறாது என்று மனதார நம்பினார். ஒன்றும் நடக்கவில்லை. சரிவுக்கு இடம் தர மாட்டோம் என்று தெருவே சொன்ன பிறகு யார் மெனக்கெடுவார்கள்? ஓவர்சியர் மாற்றலாகிப் போனார். முளைக்குச்சியில் யாரோ ஆட்டைக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் கோடை லீவு விடுகிற நேரம் வந்தது.

"பேச்சுன்னா பேச்சுத்தான்" என்றார் அப்பா. "பாலம் வராததுக்கு நானா பொறுப்பு?"

"வேற யாரு?" என்று கேட்டுவிட்டேன். கன்னத்தில் அறை விழுந்தது. அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. அடித்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆனால் வேலைக்குப் போ என்று சொல்லவில்லை.

கடைசி நாள் கேட்டில் சவரிமுத்துவைப் பார்த்தேன். "பாலம் போச்சாமே டீச்சரம்மா. எங்க நாத்தந்தான் தடுத்துருச்சாம்ல?" என்று சிரித்தார். என்னால் குடையை விலக்க முடியவில்லை. நாளையிலிருந்து நானும் வர மாட்டேன், வேலையை விட்டாச்சு என்றேன். சிரிப்பு நின்றுபோனது. "அய்யய்யோ, உங்களுக்கு ஏன்?" என்றார். அவருக்கு அது விளங்கவே இல்லை.

திருச்சியில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷர்தான், குறை சொல்லமாட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து அப்பாவைப் பார்க்க வந்திருந்தபோது, அவர் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தார். "இந்தக் கேட்டுல எம்புட்டு நேரந்தான் நிக்குறது! ஒரு பாலம் போட்டாத் தேவலை" என்றார்.

"படியாப்பா, சரிவா?" என்று கேட்டேன்.

"சரிவுதாம்மா. முட்டி வலிக்காரன் படியில எப்பிடி ஏறுவான்?"

குத்திக்காட்டுகிறேன் என்றுகூட அவருக்குப் படவில்லை. அடியோடு மறந்திருந்தார். செத்த நேரம் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காபி போட எழுந்து போனேன்.

இப்போது அப்பா இல்லை. கேட் இருந்த இடத்தில் சுவர் வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த தோல் ஷாப்புகள் மூடிக்கிடக்கின்றன, தோல் சைக்கிள் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. எங்கள் தெருவில் எந்த நாற்றமும் இல்லை. நான் விட்டுவந்த ஒன்றாம் வகுப்பை அதற்கப்புறம் யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை நான் யாரிடமும் விசாரித்ததில்லை.