எங்கள் அம்மா வளர்ந்தது ஹேசல்கோட்டில்தான்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதல் பக்கத்தில் அம்மாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி. பிறந்த ஊர்: காப்பார் சாலைத் தோட்டம், கிள்ளான். வளர்ந்த ஊர்: ஹேசல்கோட், இங்கிலாந்து. இரண்டாவது வரி அச்சுப் பிழை இல்லை. பிரிக்பீல்ட்ஸில் அச்சகம் வைத்திருக்கும் தம்பிக்கே சந்தேகம் வந்து போன் போட்டார். "அண்ணே, வளர்ந்த ஊரு சரிதானா? வேற யாரோட மேட்டராவது கலந்துருச்சா?" என்று கேட்டார். "சரிதான் தம்பி. அந்த வரிய மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க" என்றேன். போட்டிருக்கிறார்.

பெரிதாகப் போடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு புத்திமதி சொன்னார். வருஷ நினைவுக்கு மலர் போடுவது நல்ல காரியம், ஆனால் அந்த இங்கிலாந்துக் கதையை எழுதிவிடாதே, படித்தவர்கள் கையில் போகும், சிரிப்பார்கள் என்றார். "அண்ணி தங்கமானவங்க. அந்த ஒரு பீலாதான் அவங்ககிட்ட. போனவங்களோட அதுவும் போகட்டும்ப்பா" என்றார்.

சித்தப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. லோரியில் டிரைவருக்கு உதவியாளாக, கெலிண்டனாக ஏறி, மூட்டை தூக்கி, பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்து, இன்றைக்கு என் பெயர் எழுதிய லோரிகள் ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குப் போய் வருகின்றன. எந்தப் படித்தவரையும் கேட்டுக்கொண்டு நான் லோரி வாங்கவில்லை. அதுபோல எந்தப் படித்தவரையும் கேட்டுக்கொண்டு என் அம்மாவைப் பற்றி எழுதப் போவதும் இல்லை. பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நானே எழுதினேன்.

அம்மா பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். அம்மாவின் தகப்பனாரை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. தாயார் துரை பங்களாவில் ஆயா. சண்டை முடிந்து சில காலத்தில் துரைசாணிக்கு உடம்பு முடியாமல் போக, கைக்குழந்தையோடு சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். குழந்தையைப் பார்க்க ஆயாவும் வர வேண்டும் என்றார்கள். மகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஆயா ஒரே பிடியாக நின்றதால், ஆறு வயதில் அம்மாவும் கப்பல் ஏறினார். துரைசாணி தேறித் திரும்பி வர ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷமும் அம்மா இருந்த ஊர்தான் ஹேசல்கோட்.

அம்மாவை அங்கே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிப்பதில்லை. பண்ணைகளில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளைகள்தாம் வருவார்கள். ஒரே அறை, ஒரே டீச்சர், நடுவில் ஓர் இரும்பு அடுப்பு. முதல் நாள் ஜோன் என்ற பெண், மாட்டுக்காரரின் மகள், விரலில் எச்சில் தொட்டு அம்மாவின் கையைத் தேய்த்துப் பார்த்தாராம், கறுப்பு போகிறதா என்று. அம்மா சும்மா விடுவாரா? தானும் எச்சில் தொட்டு ஜோனின் கன்னத்தைத் தேய்த்திருக்கிறார், சிவப்பு போகிறதா என்று. இரண்டும் போகவில்லை. அன்றிலிருந்து இருவரும் இணைபிரியாத சிநேகிதிகள்.

குளிர்காலத்தில் வெளியே பனி ஜன்னல் உயரத்துக்குக் கிடக்குமாம். பள்ளியில் கொடுக்கும் பால் புட்டிக்குள்ளேயே கட்டியாகி மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அடுப்போரம் வைத்து இளக்கிக் குடிப்பார்கள். அடுப்பை ஒட்டி உட்காரப் பிள்ளைகளுக்குள் தினம் அடிதடி. ஜோன் முதல் ஆளாக ஓடிப்போய் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பாவாடையை விரித்துப் போட்டு, அம்மா வரும்வரை யாரையும் அண்ட விடமாட்டாராம்.

இதுவரைக்கும் லயத்தில் எல்லாரும் வாயைத் திறந்து கேட்பார்கள். இதற்கு மேல் அம்மா சொல்லும்போதுதான் சிரிப்பு ஆரம்பிக்கும்.

ஹேசல்கோட்டில் தெருவுக்கு ஒரு கைப்பம்பு. பெண்கள் வாளியோடு வரிசை பிடித்து நிற்பார்கள், தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள். துரைசாணி வீட்டில் மட்டும்தான் குழாய். கூலி வீடுகளுக்குக் கக்கூஸ் பின்பக்கம், பலகைக்கு அடியில் ஒரு வாளி. உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பெண்களும் பிள்ளைகளும் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் கிழங்கு பொறுக்கிக்கொண்டே போவார்கள். பின்னால் வேலை வாங்கும் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டே வருவார்.

இதைக் கேட்டுச் சித்தப்பா வயிறு குலுங்கச் சிரிப்பார். "வெள்ளைக்காரி இடுப்புல சாக்கு கட்டுவாளா? வெள்ளைக்காரன் வாளியில போவானா? விட்டா அவனுக்கும் ஒரு மண்டோர் இருந்தான்னு சொல்வீங்க போல, அண்ணி."

"இருந்தாரு தம்பி. நம்ம மண்டோரவிட மோசம்" என்பார் அம்மா. லயமே கைதட்டிச் சிரிக்கும்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டத்தில் நாங்கள் பார்த்த வெள்ளைக்காரன் ஒரே ஒருவன். அவன் பங்களாவில் இருந்தான், காரில் வந்தான், கையில் பிரம்பு வைத்திருந்தான். ஆகவே வெள்ளைத் தோல் என்றால் துரை. அந்தத் தோலில் கூலிக்காரனும் இருப்பான், அவன் பெண்டாட்டியும் வாளி தூக்குவாள் என்பது யார் புத்தியிலும் ஏறவில்லை. சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. அம்மா கப்பலில் திரும்பி வந்தபோது துரை வேறு தோட்டத்துக்கு மாறியிருந்தார். இவர்களும் அந்தப் புதுத் தோட்டத்துக்கே போனார்கள், அங்கே அவர்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கொஞ்ச காலத்தில் துரை வேலையை விட்டுப் போனார். ஆயா லயத்துக்கு வந்தார், அடுத்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பன்னிரண்டு வயதில் அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனார். பங்களா சமையற்கட்டில் நாலு இங்கிலீஷ் வார்த்தை பொறுக்கிக்கொண்டு கதை விடுகிறாள் என்று தோட்டம் முடிவு கட்டியது. 'துரைசாணி' என்று பட்டப்பெயரும் வைத்தது. சித்தப்பா இன்னொரு சாட்சியமும் கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் பேசும்போது ஆர் எழுத்தை முழுங்கிவிடுவான், அண்ணியோ அதை உருட்டு உருட்டென்று உருட்டுகிறார், இது அசல் தோட்டத்து நாக்கு என்றார்.

அப்பா மரம் விழுந்து இறந்தபோது எனக்கு எட்டு வயது. எனக்குக் கீழே தம்பி, தங்கை. அந்த வருஷம் லயத்துத் தண்ணீர்ப் பைப் உடைந்தது. ஓடைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்தன. எங்கள் தங்கையும் துவண்டு கிடந்தாள். சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, பைப் வரவில்லை. காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து அப்போதிருந்த துரைக்கு நேராக நின்றார். பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷில் பேசினார்.

துரை முதலில் முழித்தார். பிறகு சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு. துரை சிரித்ததால் மண்டோர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அம்மா நகரவில்லை. அவர்கள் சிரித்து ஓயும்வரை நின்றார். ஓய்ந்ததும் அதையே மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுநாள் பைப் மாட்ட ஆள் வந்தது.

சாயங்காலம் லயத்தில் இதுதான் பேச்சு. துரையே சிரித்துவிட்டார், இனி எந்த இங்கிலீஷ் என்று கேட்டார்கள். அம்மா குடத்தைப் பைப்படியில் வைத்துக்கொண்டே சொன்னார்: "சிரிக்கட்டும். தண்ணி வந்துச்சில்ல."

அந்தத் துரையை அம்மா ஏன் பயப்படாமல் பார்த்தார் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஒருமுறை கேட்டேன். "இவரு மாதிரி ஆளு வந்தா ஜோனோட அப்பா தொப்பிய கழட்டிட்டு ஓரமா நிப்பாரு. நம்ம மாதிரியேதான். அத பாத்தவளுக்கு என்னப்பா பயம்" என்றார்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். கிள்ளானில் ஒரு கம்பத்துக் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். அம்மா சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவினார். நான் லோரியில் ஏறினேன். தம்பியும் தங்கையும் படித்தார்கள். நான் வீடு கட்டியபோது வீட்டுக்குள்ளேயே நாலு இடத்தில் குழாய் வைத்தேன். அம்மா ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "ஜோன் பாத்தா நம்பமாட்டா" என்றார். அப்போது நானும் உள்ளுக்குள் சிரித்தேன்.

போன வருஷம் அம்மாவுக்கு மூளையில் இரத்தம் கட்டியது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் கண் திறந்தார், பேசினார், ஆனால் தமிழ் வரவில்லை. இங்கிலீஷ்தான் வந்தது. நான் எத்தனையோ வியாபாரிகளை மலாயிலும் தமிழிலும் பேசியே மடக்கியவன். பெற்ற தாய் பேசுவது புரியாமல் கட்டில் பக்கத்தில் நின்றேன். இங்கிலீஷ் படித்த என் பிள்ளைகளுக்கும் பாதிதான் பிடிபட்டது.

வார்டில் ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண். இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர் அப்படியே நின்று கேட்டார். "அங்கிள், பாட்டி எங்க வளர்ந்தாங்க?"

"ஏன் டாக்டர்?"

"நான் இங்கிலாந்துல மேற்குப் பக்கம் படிச்சேன். அங்க பண்ணையில வேலை செஞ்ச கிழவங்க இப்படித்தான் பேசுவாங்க. ஆர் எழுத்த இப்படியே உருட்டுவாங்க. இப்ப அங்க உள்ள சின்னப் பசங்களுக்கே இது வராது."

"அப்ப இது துரைமாரு பேசற இங்கிலீஷ் இல்லையா?"

"ஐயோ, துரைமாரு கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாங்க அங்கிள். இது... எப்படிச் சொல்றது, அந்த ஊரு தோட்டக்காட்டுப் பேச்சு." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார், என்னைப் பார்த்து ஸாரி சொன்னார்.

நான் எதற்கு ஸாரி வாங்க வேண்டும்? அந்த நிமிஷம் பெரட்டுக் களத்தில் துரை எதற்குச் சிரித்தார் என்று எனக்கு விளங்கியது. மலாயாக் காட்டில், சேலை கட்டிய ஒரு பால்மரப் பெண் வாயிலிருந்து அவர் ஊர் மாட்டுக்காரன் பேச்சு வந்திருக்கிறது. துரைசாணி வேஷம் போடுகிறார் என்று எங்கள் ஆட்கள் சொன்ன அம்மா ஒரு நாளும் துரைசாணி இங்கிலீஷ் பேசவில்லை. இங்கேயும் தோட்டக்காடு, அங்கேயும் தோட்டக்காடு. எங்கள் அம்மா இரண்டு நாட்டிலும் கூலிக்காரர் பிள்ளை. இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்.

"இப்ப என்ன சொல்றாங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து அம்மாவின் வாயருகே காதை வைத்தார். "அடுப்புப் பக்கத்துல எடம் பிடிச்சு வைன்னு ஜோன்கிட்ட சொல்றாங்க. ஜோன் யாரு அங்கிள்?"

"மாட்டுக்காரரோட மக" என்றேன்.

இரண்டு நாளில் அம்மா போய்விட்டார். பதினாறாம் நாள் சாப்பாட்டில் சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "டாக்டர் பொண்ணு உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்கும்லா" என்றார். சரி, அவர் நம்ப வேண்டாம். இனி யாரையும் நம்ப வைப்பது என் வேலை இல்லை. என் அம்மா வளர்ந்த ஊரை அச்சில் போடுவது என் வேலை. போட்டுவிட்டேன்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட வார்டு தாதிமார்களுக்கும் அந்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காஜாங்கிலிருந்தும் சுங்கை வேயிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்த உறவுகளுக்கும், வீட்டில் திருமுறை பாடியவர்களுக்கும், அஸ்தி கரைக்கப் படகு பிடித்துத் தந்த என் லோரி டிரைவர்களுக்கும் நன்றி. பதினாறு நாளும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை வரவேற்ற சித்தப்பாவுக்கு நன்றி. இந்த மலரின் முதல் பிரதி அவருக்குத்தான். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கடைசியாக ஹேசல்கோட் ஜோன் அம்மையாருக்கு. நீங்கள் இருக்கிறீர்களா, இல்லையா, எனக்குத் தெரியாது. இந்த மலர் உங்களிடம் வந்து சேராது, சேர்ந்தாலும் உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உங்கள் பாஷை தெரியாது. ஆகவே கணக்குச் சரி. குளிரில் நடுங்கி வந்த எங்கள் அம்மாவுக்குப் பாவாடை விரித்து இடம் பிடித்து வைத்தீர்கள். வேறு எவரும் அவரை நம்பாத இத்தனை வருஷமும் அந்த இடம் அவருக்கு இருந்தது. நன்றி அம்மா. அவர் கிளம்பி வந்து ஒரு வருஷம் ஆகிறது. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

மூத்த மகன்,
கிள்ளான்.