காலர்க்காவின் கொள்கையும் கழிப்பறைச் சாவியும்

சட்டைக் கம்பெனியில் காலர் வைத்துத் தைப்பதால் அவளுக்குக் காலர்க்கா என்று பெயர். சமூகம் என்று ஒன்று கிடையாது, மனிதர்கள்தான் உண்டு என்பது அவள் கொள்கை. படித்து வந்ததல்ல, பட்டு வந்தது. அவள் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டபோது, "நாலு பேர் என்னடி சொல்வாங்க" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

"அந்த நாலு பேரையும் வரச் சொல்லும்மா, நேர்லயே பேசிக்கிறேன்."

இன்றுவரை ஒருவரும் வரவில்லை. ஆகவே கொள்கை நிரூபணமாயிற்று. அவளைப் புரட்சிக்காரி என்றார்கள். கொள்கையை மிகவும் ரசித்தவர் முதலாளி.

அப்படிப்பட்ட ரசிகர்தான் ஒருநாள் பெண்கள் கழிப்பறையைப் பூட்டிச் சாவியைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார். "அடிக்கடி எழுந்து போறீங்க. கம்பெனிக்குக் கட்டுப்படியாகல." தண்ணீர் குடிக்கவே பயந்துபோய்த் தைத்தார்கள். பக்கத்து மெஷினில் சட்டைக்குக் கை தைக்கும் நாத்தனார் நீர்க்கடுப்பில் துடித்தாள். காலர்க்கா எல்லோரையும் திரட்டிக்கொண்டு போய் முதலாளி முன் நின்றாள்.

முதலாளி குளிரச் சிரித்தார். "சமூகம்னு ஒண்ணு இல்லைன்னு சொன்னது நீங்கதானேம்மா? அப்புறம் தொழிலாளிங்கன்னு மட்டும் ஒண்ணு எங்கேருந்து முளைச்சுது? நானும் உங்க கட்சிதான். அவசரம்னா தனித்தனியா வந்து சாவி கேளுங்க."

"அப்போ கட்டுப்படியாகலன்னு அழுவுற கம்பெனி மட்டும் யாருங்க? எந்த நாற்காலியில உக்காந்திருக்கு?"

அவருக்கு போன் வந்துவிட்டது.

"உன் வாய்தான் அண்ணி நமக்கு வினை" என்றாள் நாத்தனார்.

"சமூகம் இல்லைன்னு சொல்லித்தான் நான் வீட்டை விட்டு வெளியே வந்தேன். இந்தாளு அதையே சொல்லிக் கக்கூஸைப் பூட்டுறான். அந்த வார்த்தைக்குச் சூடு சொரணை இருக்கா பாரு. கூப்பிட்டவன் பின்னாடியெல்லாம் போகுது."

முதலாளி சொல்லைத் தட்டலாமா? மறுநாள் தனித்தனியாகவே போனார்கள். முதலில் காலர்க்கா. அவர் போன் பேசி முடிக்கும்வரை கைகட்டி நின்று, பணிவாகச் சாவி கேட்டாள். காலர் ஏறாமல் கை தைக்க முடியாது. அவள் திரும்பியதும் நாத்தனார் எழுந்தாள். கை ஏறாமல் பக்கத்தையல் போட முடியாது. அப்புறம் பக்கத்தையல்காரி. அப்புறம் பித்தான்காரி. மதியத்துக்குள் கையில்லாத சட்டைகள் மலையாகக் குவிந்தன. வாசலில் சரக்கு வண்டி ஹாரன் அடித்தது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஒரு சட்டைகூட முடியலைங்க."

"யாரு வேலையை நிறுத்தினது?"

"யாரும் நிறுத்தலைங்க. நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொருத்தரா வர்றாங்க."

முதலாளி தாமே போய்ப் பூட்டைக் கழற்றினார். இது தமது தனிப்பட்ட பெருந்தன்மை என்றும், இதில் யாருடைய கோரிக்கையும் இல்லை என்றும் உரக்கத் தெரிவித்தார்.

"அப்போ சமூகம் இருக்கா, இல்லையா அண்ணி?"

"அது எங்கேயும் ஓடிடாது. நீ மொதல்ல போயிட்டு வா."