பின்னால் கூப்பிடாமல்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் ஒரு சோடி வயர் தொங்குகிறது. ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. நுனிகளில் இருக்கும் பல்லுக் கிளிப்புகள் உப்புப் பட்டுத் துருவேறிவிட்டன. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் அதைக் கழற்றிக் குப்பையில் போடப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் மனிசன் ஏணியை விட்டே இறங்கிவிட்டார். அது அக்காவின் வயர். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

அக்கா எனக்கு ஒரு வயது மூத்தவள். முதல் தரம் உயர்தரப் பரீட்சையில் பௌதிகம் காலை வாரிவிட, என்னோடு சேர்ந்து இரண்டாம் தரம் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மின்சுற்றுக் கணக்கென்றால் அவளுக்கு ஒரு வெறி. ரியூசனில் தந்த கணக்குகள் முடிந்துவிட்டால் வீட்டில் கிடப்பதையெல்லாம் கணக்காக்கிவிடுவாள். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கெஞ்சி இரவல் வாங்கிய மீற்றர் ஒன்று எந்நேரமும் அவள் மேசையில் கிடக்கும். எனக்கோ அந்தக் கணக்குகளைக் கண்டால் தலையிடி.

அப்பா வல்வெட்டித்துறைக் கரையிலிருந்து கடற்றொழிலுக்குப் போகிறவர். பின்னேரம் போனால் விடியத்தான் வருவார். அந்தக் கிழமை போட்டுக்குப் புதுப் பற்றரி வாங்கியிருந்தார். பழையதை எறிய மனம் வரவில்லை. இரண்டையும் வயரால் பக்கம் பக்கமாக இணைத்துவிட்டால் விளக்கும் ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் கூடநேரம் நிற்கும் என்பது அவருடைய எண்ணம். "ரண்டு பேர் தூக்கினால் பாரம் குறையும்தானே?" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் கரையில் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

காலையில் பற்றரிகள் சார்ஜ் முடிந்து முற்றத்தில் கிடந்தபோது அக்கா மீற்றரோடு போய்க் குந்திவிட்டாள். புதியது பன்னிரண்டரை வோல்ற், பழையது பத்தரைதான். ஒவ்வொன்றிலும் விளக்கைக் கொளுவி, வோல்ற் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பற்றரிக்குள் இருக்கும் தடையையும் எடுத்துக்கொண்டாள். பின்னேரம் அப்பா இரண்டு பற்றரியையும் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் ஆறுதலாகக் கணக்கைப் போட்டாள். தெரியாத மின்னோட்டம் மூன்று: புதியதிலிருந்து வருவது, பழையதிலிருந்து வருவது, விளக்குக்கும் மற்றதுகளுக்கும் போவது. சந்தியில் சேர்வதும் பிரிவதும் சரிக்குச் சரி, ஒவ்வொரு தடத்தையும் சுற்றி வந்தால் வோல்ற்றளவும் சரிக்குச் சரி. மூன்று சமன்பாடு, மூன்று விடை.

பழைய பற்றரிக்கு மைனஸ் நாலு வந்தது.

"சீ, எங்கையோ பிழைச்சுப்போச்சு" என்று கோடு கீறி வெட்டினாள். திருப்பிப் போட்டாள். திரும்பவும் மைனஸ் நாலு. எனக்குச் சிரிப்பு. "தள்ளு, நான் போடுறன்" என்று பழைய பற்றரியின் அம்புக்குறியை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டேன். அதே நாலு, இந்த முறை மைனஸ் இல்லாமல். "பார்த்தியே!" என்று நக்கலாக நெளிப்புக் காட்ட நிமிர்ந்தால் அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. புதியது ஏழு அம்பியர் கொடுக்கிறது. விளக்கும் ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் எடுப்பது மூன்று. மிச்சம் நாலும் பழையதுக்குள் போகிறது. பழையது தூக்கவில்லை, மற்றவரின் தோளில் ஏறி இருக்கிறது. "சாமத்துக்கு முதல் விளக்கு, ஜிபிஎஸ் எல்லாம் நூந்துபோகும்" என்றாள். முந்தின கிழமைதான் எங்கள் கரைப் போட் ஒன்று ஜிபிஎஸ் நின்று, கடல் எல்லை தெரியாமல் அந்தப் பக்கம் போய்க் கடற்படையிடம் அகப்பட்டிருந்தது. அதில் போனவர்கள் இன்னும் வீடு வரவில்லை.

அப்பா போனைக் கடலுக்குக் கொண்டுபோவதில்லை. அக்கா எழும்பி ஓடினாள், நானும் பின்னால். அடுப்படியிலிருந்து அம்மா பதறிக்கொண்டு வந்தா. "எடியே! கடலுக்குப் போறவரைப் பின்னாலை கூப்பிடாதையடி!" எங்கள் கரையில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கூப்பிட்டு, அன்றைக்கு ஏதும் நடந்துவிட்டால், கூப்பிட்டவளை ஊர் ஆயுசுக்கும் மன்னிக்காது. நாங்கள் கரைக்குப் போனபோது போட் முதுகைக் காட்டிக்கொண்டு நகரத் தொடங்கிவிட்டது. எனக்குக் கூப்பிட வாய் உன்னிவிட்டது. அக்கா என் வாயைப் பொத்தினாள். பிறகு கரையோரமாகவே ஓடினாள். தண்ணீருக்குள் கிடக்கும் கற்பாருக்கு நடுவே போட்டுகள் மெல்ல மெல்ல வெளியேறும் ஒரேயொரு வழி உண்டு. அந்த இடத்தில் பாவாடையோடு இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் போட்டின் மூக்குக்கு நேரே போய் நின்றாள்.

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டுக் கத்தினார். "உனக்கென்ன விசரே?"

"நான் பின்னாலை கூப்பிடேல்லை அப்பா. முன்னாலைதான் நிக்கிறன். பழைய பற்றரியைக் கழட்டுங்கோ. அது புதுசைக் குடிக்குது."

"ஆர் சொன்னது?"

"கணக்கு."

"கணக்குப் பிழைச்சால்?"

"பிழைச்சால் நாளைக்கு வந்து எனக்கு அடியுங்கோ. ஆனால் வாங்கோ."

அப்பா அவளை முறைத்துப் பார்த்தபடி நின்றார். அலை அவள் கழுத்துவரை ஏறி இறங்கியது. கடைசியில் அவர் குனிந்து கிளிப்புகளைப் பிடுங்கினார். கோபத்தில் வயரைச் சுருட்டி அவள் மேலேயே எறிந்தார். எஞ்சினைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஈரம் சொட்டச் சொட்ட அக்கா கொண்டுவந்து ஆணியில் மாட்டியதுதான் அந்த வயர். அன்றிரவு காற்று மாறி அடித்தது. அம்மா அவளோடு கதைக்கவில்லை. விடிந்தது, மற்றப் போட்டுகள் வந்தன, அப்பா வரவில்லை. அக்கா வயருக்குக் கீழே நிலத்தில் இருந்தாள், தேத்தண்ணியும் குடிக்கவில்லை. அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் படலை திறந்தது. அப்பா புதுப் பற்றரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். காற்று எல்லைப் பக்கம் இழுத்ததாம், ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினாராம். அதை அம்மாவுக்குத்தான் சொன்னார். அக்காவைப் பார்த்து, "விடியுமட்டும் எரிஞ்சது" என்றார். அவ்வளவுதான். அவள் அப்போதுதான் அழுதாள்.

அந்த முறை அக்காவுக்குப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. கொழும்புப் பஸ் வெளிக்கிடும்போது அப்பாவைக் காணவில்லை. பஸ் அசைந்ததும் சடாரென்று பிறேக் போட்டது. சாரதி தலையை வெளியே போட்டுத் திட்டினார். பார்த்தால், பஸ்ஸுக்கு நேர் முன்னால் அப்பா. "பின்னாலை கூப்பிடக் கூடாதெல்லோ" என்று சாரதிக்குச் சமாதானம் சொல்லியபடி யன்னலடிக்கு வந்து, "மைனஸ் ஏதும் வந்தால் உடனை கோல் எடு பிள்ளை" என்றார்.

அக்கா இப்போது தெற்கில் மின்சார வேலையில் இருக்கிறாள். அப்பா தொழிலுக்குப் போவதில்லை, முழங்கால் விடாது. நேற்றும் அவள் லீவு முடிந்து வெளிக்கிட்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே ஆணியில் தொங்கிய வயரை ஒருதரம் தொட்டாள். "அப்பா எங்கை?" என்று கேட்டாள். நான் ஒழுங்கை முனையைக் காட்டினேன். தடியை ஊன்றிக்கொண்டு, அவர் முன்னமே போய் நின்றுகொண்டிருந்தார்.